சுங்குடிப் புடவையில் ஐவர் தைத்த பாவாடை

அம்மாவின் மிதி தையல் இயந்திரத்தைப் பழுது நீக்கி, அவருடைய பழைய மதுரைச் சுங்குடிப் புடவை ஒன்றை வெட்டி, எட்டு வயது மகளுக்குப் பாடி வைத்த பாவாடையாகத் தைத்த வேலையை இங்கே பதிவு செய்கிறேன். அம்மா, மனைவி, பதின்மூன்று வயது மகன், மகள், நான் என வீட்டிலுள்ள ஐவரும் இதில் பங்கெடுத்தோம். தையலைக் குடும்பமாகச் சேர்ந்து பழக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று அளவுகளையும் செய்முறையையும் தந்திருக்கிறேன். ஒரே துணியின் மீது அப்பத்தாவும் பேரனும் பேத்தியும் குனிந்திருக்கும்போது வீட்டில் என்ன மாற்றம் வருகிறது என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பலனில் பெரும்பகுதி அதுதான்.

அம்மா அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையலில் லோயர், ஹையர் என்ற இரு நிலைகளும் தேறியவர். திண்டுக்கல்லில் நாங்கள் வளர்ந்த தெருவில் பள்ளிச் சீருடை முதல் ரவிக்கை வரை தைத்துக் கொடுத்தவர்; எங்கள் படிப்புச் செலவில் பாதியை அந்த வருமானம்தான் தாங்கியது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று அவர் தைப்பதையே விட்டுவிட்டார். இயந்திரத்தின் தலைப்பகுதி பெட்டிக்குள் இறக்கப்பட்டு, மேல் பலகை மூடப்பட்டு, சாவிக்கொத்தும் மின்கட்டண அட்டையும் வைக்கும் மேசையாக அது மாறியிருந்தது. ஒரு விடுமுறை நாளில் மகன் அந்தப் பலகையைத் திறந்து, "இது ஓடுமா அப்பத்தா?" என்று கேட்டதுதான் தொடக்கம்.

ஓடவில்லை. கைச்சக்கரம் அசையவே இல்லை. பல ஆண்டுகள் ஓடாமல் கிடக்கும் இயந்திரங்களில் பெரும்பாலும் காண்பது இதுதான். இதற்காக யாரும் அதைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. சக்கரம் கிரீச்சிடும்போது கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயை ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தாவர எண்ணெய் நாளடைவில் காற்றுபட்டு, தூசியோடும் பஞ்சோடும் சேர்ந்து பிசினாக இறுகிவிடும். பாகங்கள் தேய்ந்தோ உடைந்தோ போயிருக்காது. அந்தப் பிசின்தான் அவற்றை ஒட்டிப் பிடித்திருக்கும். எங்கள் இயந்திரத்திலும் எண்ணெய்த் துளைகளைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கெட்டியான படிவு இருந்தது.

தோல் வாரைக் கழற்றிவிட்டு, தலைப்பகுதியைப் பின்பக்கமாகச் சாய்த்து, மேலும் கீழும் உள்ள ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும், உலோகத்தோடு உலோகம் உரசும் ஒவ்வொரு இடத்திலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டோம். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும்; பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. மறுநாள் சக்கரத்தை வலுவாகத் திருப்பாமல், முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டினோம். முதலில் நூலளவு அசைந்தது. மேலும் சில சொட்டு விட்டு, மீண்டும் ஆட்ட ஆட்ட, முழுச் சுற்றும் வந்தது. கரைந்து வழிந்த பிசினைப் பழைய பனியன் துணியால் துடைத்தெடுத்து, அதன் பிறகே தையல் இயந்திர எண்ணெயைத் துளைக்கு ஒரு சொட்டு வீதம் விட்டோம். பழைய கறுப்பு இயந்திரங்களின் பொன்னிறப் பூவேலைக்கு மேலே பூசியிருக்கும் அரக்கு மெருகு, ஸ்பிரிட்டும் தின்னரும் பட்டால் கரைந்துவிடும். அந்தப் பூவேலையைக் காப்பாற்ற நினைப்பவர்கள் மேற்பரப்பை இயந்திர எண்ணெய் தொட்ட துணியால் மட்டும் துடைப்பது நல்லது.

மகன் ஊசித்தட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றினான். துணியை நகர்த்தும் பற்களின் இடுக்குகளில் பல ஆண்டுப் பஞ்சு கம்பளித் துண்டுபோல இறுகிக் கிடந்தது. குண்டூசியால் கிளறி, பழைய பல் துலக்கியால் அதைத் தள்ளினான். கீழ்நூல் சுற்றிய பாபின் உட்காரும் பாபின் கேஸ் இருக்கும் இடத்தில் இரண்டு சிறு தாழ்ப்பாள்களை விலக்கினால் வளையமும், அதற்குள் சுழலும் கொக்கியும் கழன்று வரும். அந்தப் பள்ளத்துக்குள் அறுந்த சிவப்பு நூல் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது. அதை வெளியே எடுத்தபோது அம்மா வாங்கிப் பார்த்து, கடைசியாகத் தைத்தது எதிர்வீட்டுப் பெண்ணின் வளைகாப்புக்கான ரவிக்கை என்று சொன்னார். கழற்றிய வரிசையிலேயே பாகங்களைச் செய்தித்தாளின் மீது இடமிருந்து வலமாக வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் அலைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மகனே வகுத்த ஏற்பாடு. திரும்பப் பூட்டும்போது அந்தப் படங்கள் எங்களுக்கு உதவின. பாடப் புத்தகத்தோடு அரைமணி நேரம் உட்காரத் தவிக்கும் பிள்ளை, எண்ணெய்க் கையோடு ஒரு பிற்பகல் முழுவதும் எழாமல் இருந்ததை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புதிய தோல் வாரும் ஊசிகளும் வாங்க மதுரைக்குப் போனோம். அம்மாவும் வந்தார். புதுமண்டபத்தின் தூண்களுக்கிடையே தையல் இயந்திரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பொத்தான், கொக்கி, நாடா எல்லாம் வாங்க அவர் அங்கே வருவது வழக்கம். திருமலை நாயக்கர் வசந்த மண்டபமாகக் கட்டிய அந்த இடத்தில், சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டு வேடமிடுபவர்களின் உடைகளை மிதித்துத் தைத்துக் கொடுப்பவர்களைப் பிள்ளைகளுக்கு அவர் காட்ட விரும்பினார். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. அங்கே போய்ப் பார்த்தோம். ஒரு தையற்காரர் வேகமாக மிதித்துக்கொண்டே பேசுவதை மகள் விழி அகலாமல் கவனித்தாள். அம்மா அவரிடம், "எந்த ஊசிண்ணே போடுறீங்க?" என்று கேட்க, இருவரும் தொழிற்பேச்சில் இறங்கிவிட்டார்கள். அம்மாவை ஒரு தொழில்காரராக என் பிள்ளைகள் பார்த்தது அன்றுதான்.

தோல் வாரைச் சக்கரங்களில் சுற்றி, முனைகளில் துளையிட்டு, கம்பிக் கொக்கியால் இணைக்க வேண்டும். வார் மிக இறுக்கமாக இருந்தால் மிதி கனக்கும். தளர்ந்தால் சக்கரம் வழுக்கும். முதலில் சற்று நீளமாகவே வெட்டிப் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வருவதே பாதுகாப்பானது. ஊசியைப் பொருத்துவதற்கும் ஒரு முறை உண்டு. ஊசியின் நீண்ட பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து நூல் கோக்கப்பட வேண்டும். தண்டின் தட்டையான பக்கம் அதற்கு நேர் எதிரே அமையும். இது மாறினால் தையலே விழாது.

மிதி பழகுவது எல்லோருக்கும் சோதனைதான். சக்கரம் தைப்பவரை நோக்கிச் சுழல வேண்டும். கையால் சக்கரத்தைத் தொடங்கிவைத்த அந்தக் கணத்திலேயே காலும் அதே தாளத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு கணம் தயங்கினால் சக்கரம் பின்னோக்கித் திரும்பி நூலை அறுத்துவிடும். அம்மா பிள்ளைகளுக்கு நூல் கோக்காமலே பாடம் தொடங்கினார். முதலில், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்துவிட்டு வெறும் மிதி. பிறகு கோடு போட்ட நோட்டுத்தாளை ஊசிக்குக் கீழே வைத்து, கோட்டின் மீதே துளைகள் விழும்படி ஓட்டுதல். நேர்கோடு கைக்கு வந்ததும் சதுரம், அதன் பின் வட்டம். சதுரத்தின் மூலையில் ஊசியைத் தாளுக்குள் இறக்கி வைத்து, ஃபுட்டைத் தூக்கி, தாளைத் திருப்பி, மறுபடி இறக்க வேண்டும். இதை எங்கள் வீட்டில் நானும் கற்றுக்கொண்டேன். மகளும் நானும் அடுத்தடுத்த தாள்களில் பழகினோம். அப்பாவும் மகளும் ஒரே வகுப்பில் உட்காரும் இப்படியோர் ஏற்பாட்டை வேறெந்த விளையாட்டிலும் நான் கண்டதில்லை. பெரியவர் என்பதற்காக மிதி எனக்கு எந்தச் சலுகையும் காட்டவில்லை. மகள் அதைப் பார்த்துத் துணிவு பெற்றாள்.

இயந்திரம் எப்படித் தைக்கிறது என்று மகன் கேட்டான். பதிலைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று, பாபின் பக்கத் தகட்டை விலக்கி, சக்கரத்தைக் கையால் மிக மெல்லச் சுற்றினோம். மேல்நூலோடு இறங்கும் ஊசி மிகத் தாழ்ந்த நிலைக்குப் போய், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மேலெழும்போது, காதுக்கு அருகே நூல் ஒரு சிறு கண்ணியாகப் பிரிந்து நிற்கிறது. சரியாக அந்த நொடியில் கொக்கியின் கூர்முனை வந்து கண்ணியைப் பிடித்து, விரித்து, பாபினைச் சுற்றி இழுத்துச் செல்கிறது. பாபின் நூல் அந்தக் கண்ணிக்குள் அகப்பட்டதும், மேலே உள்ள நெம்புகோல் மிச்ச நூலை வெடுக்கென்று இழுத்துத் தையலை இறுக்குகிறது. வேகத்தில் ஒரு சத்தமாக மட்டும் கேட்பது, மெதுவாகச் சுற்றும்போது நான்கு தனித்தனி வேலைகளாகப் பிரிந்து தெரிந்தது. மகன் அதையே திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தான். பிறகு தங்கையை அழைத்து, தான் கண்டுபிடித்ததுபோல அவளுக்கு விளக்கினான்.

நூல் இறுக்கத்தைச் சரிசெய்வதில் அம்மாவின் விரல்கள்தான் எங்கள் அளவுகோல். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே பூட்டிக்கொள்ள வேண்டும். துணியின் அடிப்பக்கத்தில் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் பழுது கீழே இருப்பதாகத் தோன்றும். உண்மையில் மேல்நூல்தான் தளர்ந்திருக்கும், அல்லது நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கிடையே சரியாக உட்கார்ந்திருக்காது. ஃபுட்டைத் தூக்கிய நிலையில் நூல் கோத்தால்தான் அந்தத் தட்டுகள் திறந்திருந்து நூலை உள்ளே விடும். கீழ்நூலுக்கு ஒரு சோதனை உண்டு: பாபின் கேஸை அதன் நூல்முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் தானாக இறங்கக் கூடாது; லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அம்மா தைத்த துண்டை விளக்கருகே கொண்டுபோகவில்லை. கட்டைவிரல் நுனியைத் தையலின் மேல்பக்கத்தில் ஒரு முறை, அடிப்பக்கத்தில் ஒரு முறை ஓட்டிவிட்டு, "மேல கொஞ்சம் இறுக்குய்யா" என்றார். இறுக்கினோம், சரியாக அமைந்தது. கண் கைவிட்ட இடத்தில் கை முழுதாக இருப்பதை அவரே அன்றுதான் உணர்ந்தார் என்று நினைக்கிறேன். ஊசியில் நூல் கோப்பது அன்று முதல் பேரனின் பொறுப்பாயிற்று. "அய்யா, நூலு" என்று அவர் கூப்பிட்டால், எந்த அறையில் இருந்தாலும் எழுந்து வருகிறான்.

காந்தியடிகள் இயந்திரங்களை எதிர்த்தவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1924-ல் காந்தியவாதியான ஜி. ராமச்சந்திரன் அவரிடம், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, சிங்கர் தையல் இயந்திரத்தை விதிவிலக்காகச் சொன்னார். மனித உழைப்பைத் தூக்கியெறியும் பொறிக்கும், வீட்டில் ஒருவர் கையின் சலிப்பைக் குறைக்கும் பொறிக்கும் அவர் வேறுபாடு கண்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட ராமச்சந்திரனும் அவர் மனைவி டாக்டர் சௌந்தரமும்தான் 1947-ல் எங்கள் மாவட்டத்தில் காந்திகிராமம் என்ற கிராமப்பணி நிறுவனத்தை நிறுவினார்கள். மிதி இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் அந்த வேறுபாடு விளங்கும். நம் கால் நின்றால் அது நிற்கும். எட்டு வயதுக் குழந்தைக்கும் அதன் வேகம் கட்டுப்படும். பிள்ளைகளோடு தைக்க விரும்புபவர்களுக்கு மோட்டார் பொருத்திய இயந்திரத்தைவிட இதையே நான் பரிந்துரைப்பேன்.

அடுத்தது துணி. அம்மா எடுத்துக் கொடுத்தது மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த சுங்குடி. மதுரைச் சௌராஷ்டிரர்களின் கைவேலையான இதில், துணியைச் சிறு சிறு முடிச்சுகளாக நூலால் கட்டிச் சாயத்தில் முக்கி, பின் அவிழ்த்துப் புள்ளிகளை உண்டாக்குவார்கள். 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சில் புள்ளி வைத்த புடவைகள் இப்போது நிறைய வருகின்றன. அம்மாவுடையது முடிச்சுப் போட்டது. முடிச்சுப் போட்ட புள்ளிகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை. இரண்டு பக்கமும் புள்ளி தெரிவதால், வெளுத்த பக்கத்தை உள்ளே திருப்பித் தைக்கவும் முடிந்தது.

பழைய புடவையை வெட்டும் முன் அதன் வலுவைப் பார்க்க வேண்டும். சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நைந்த இடங்கள் ஒளி ஊடுருவித் தெரியும்; அந்த இடங்களில் குறுக்குவாட்டில் மெல்ல இழுத்தால் இழைகள் விலகும். இடுப்பில் செருகும் பகுதி நைந்திருந்தது. ஃபால் வைத்துத் தைத்திருந்த கரைப்பகுதியில் தையலைப் பிளேடால் பிரித்தபோது, அதன் அடியில் புடவை வாங்கிய நாளின் நிறத்தோடு துணி கெட்டியாக இருந்தது. பாவாடையின் கீழ்க்கரைக்கு அந்தப் பகுதியையே எடுத்தோம். பல முறை துவைத்த பருத்தி குழைந்து கத்தரிக்கு அடங்காது என்பதால், வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்துப் போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு வெட்டினோம். வெட்டும் கோட்டுக்கு அளவுகோலும் தேவைப்படவில்லை. ஓர் இழையை நுனியில் பிடித்து மெல்ல உருவினால் அந்த இடத்தில் நேரான தடம் ஒன்று விழும். கத்தரி அதன் வழியே போக வேண்டும். மகள் இழை உருவினாள். நடுவில் அறுந்தபோதெல்லாம் பக்கத்து முனையைத் தேடிப் பிடித்து, அவசரப்படாமல் தொடர்ந்தாள்.

அளவுகள் இவை. இடுப்புச் சுற்று 24 அங்குலம். தளர்வுக்கு 2 சேர்த்து, பாடியின் கீழ்ச்சுற்று 26. பாவாடையின் உயரம் 30. புடவையின் நீளவாட்டம் பாவாடையின் சுற்றாகவும், அகலவாட்டம் உயரமாகவும் ஆகிறது. கரை அப்படியே கீழே வந்துவிடுவதால் அடி மடிக்க வேண்டியதில்லை. சுற்றுக்கு 79 அங்குலம் எடுத்தோம். ஏறத்தாழ 2 மீட்டர். இரு ஓரமும் அரை அங்குலம் தையலுக்குப் போக 78. உயரத்துக்கு 30, மேல் தையலுக்கு அரை, பிள்ளை வளரும்போது பிரித்துவிட வைக்கும் டக் மடிப்புகளுக்கு 4 என மொத்தம் 34½. புடவையின் அகலம் 46 என்பதால், மறு கரையோடு 11½ அங்குலத் துண்டு மிஞ்சியது.

78 அங்குலத்தை 26-க்குள் அடக்கும் கொசுவக் கணக்கை மகளிடம் விட்டோம். 78-ஐ 26-ஆல் வகுத்தால் 3 என்று அவளுக்குத் தெரியும். அதற்கும் துணிக்கும் என்ன தொடர்பு என்பதுதான் விளங்கவில்லை. செய்தித்தாளை 78 அங்குல நீளப் பட்டையாக ஒட்டிக் கொடுத்தோம். வெளியே ஓர் அங்குலம் தெரிய, உள்ளே இரண்டு அங்குலம் மறையும்படி ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே போனாள். மடித்து முடித்துப் பட்டையை இஞ்ச் டேப்பின் மீது வைத்தபோது அது 26-ல் வந்து நின்றது. "எல்லாம் உள்ள போயிருச்சு அப்பத்தா!" என்று அவள் கத்தியதில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். வகுத்தலைக் கையால் மடித்துப் பார்த்த குழந்தைக்கு அது இனி மறக்காது. பிறகு துணியில் சாக்கட்டியால் குறி வைத்து, 26 கொசுவங்களையும் அவளே மடித்துக் குண்டூசி குத்தினாள்.

டக் வைப்பதில் அம்மா விட்டுக்கொடுக்கவே இல்லை. வளரும் பிள்ளைக்குத் தைக்கும் பாவாடையில் கரைக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஓர் அங்குல மடிப்பு வைத்துத் தைத்தால் அது இரண்டு அங்குல உயரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். இரண்டு டக்குகள் என்றால் நான்கு அங்குலம். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடை கூடவே நீளும். பிரிக்கப்போகும் தையல் என்பதால் அதை நெருக்கமாகப் போடக் கூடாது. மற்ற இடங்களில் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் என்றால் இங்கே ஆறு போதும். மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த துணி, பிரிக்கும்போது ஆழ்ந்த நிறத்தில் ஒரு பட்டையாகத் தெரியும். எங்கள் அக்காவின் பாவாடைகளில் அத்தகைய பட்டைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். சுற்றிலும் ஒரே அளவில் மடிப்பு அமைய, அட்டையில் ஓர் அங்குலத்துக்கு வெட்டிய அளவுத் துண்டை நகர்த்தி நகர்த்தி, கைத்தையலில் பெரிய ஓட்டம் போட்டு நிறுத்திக்கொண்டு, பிறகு இயந்திரத்தில் ஓட்டினேன். முழுக்க என் கையால் ஓடியது அந்த இரண்டு வரிகள்தான்.

பாடியை வெள்ளை மல்துணியில் மனைவி வெட்டினார். அவருக்கு இயந்திரத்தைவிடக் கைத்தையலில் ஈடுபாடு அதிகம். கழுத்துக்கும் கைக்கும் மடித்துத் தைக்காமல், துணியின் சாய்வில் ஒன்றேகால் அங்குல அகலத்தில் கிராஸ் பீஸ் வெட்டிக் கொடுத்தார். சாய்வில் வெட்டிய துண்டு இழுத்தால் நெகிழ்ந்து வளைவோடு படியும். நேர்வாட்டில் வெட்டியது வளைவில் சுருக்கம் விழும். பாவாடையை மூட்டி, முதுகுப் பக்கம் மேலே ஐந்து அங்குலம் திறந்துவிட்டு, கொசுவங்களோடு பாடியில் பொருத்தியது மகன். ஆறேழு அடுக்குத் துணி சேரும் இடம் அது. அதுவரை போட்டிருந்த 14 எண் ஊசியை மாற்றி 16 போட்டோம். நைந்த துணிக்குத் தடித்த ஊசி ஆகாது, இழைகளை அறுத்துத் துளை விழச் செய்யும். தடித்த அடுக்குகளுக்கோ மெல்லிய ஊசி வளையும் அல்லது முறியும். மிகத் தடித்த இடங்களில் காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக அவன் கடந்தான். அம்மா அவன் தோளில் கை வைத்தபடி பின்னால் நின்றார்.

முதுகுப் பட்டியில் கொக்கி தைக்கும் வேலை மகளுக்கும் அவள் அம்மாவுக்கும். நூல், கையிலிருந்து முழங்கை வரையிலான நீளத்துக்கு மேல் போனால் சிக்கும். குழந்தைகள் அடிக்கடி கோக்கச் சலித்து நீளமாக எடுப்பார்கள், அங்கேதான் பொறுமை போகும். மனைவி தைத்த கொக்கிகள் ஒரே சீராக இருக்கின்றன. மகள் தைத்தவற்றில் நூல் சற்றுக் கூடுதலாகப் புடைத்திருக்கிறது, உறுதியாகவும் இருக்கிறது. அவற்றைப் பிரித்துத் திருத்தலாமா என்று நான் கேட்டபோது மனைவி மறுத்துவிட்டார். அவர் முடிவு சரியானது. பாவாடையை உடுத்திக்கொண்டு, வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் மகள் முதுகைத் திருப்பிக் காட்டி, எது யார் தைத்தது என்று சொல்கிறாள். கடையில் எடுத்த எந்த உடையைப் பற்றியும் அவள் இத்தனை சொன்னதில்லை.

மிஞ்சிய கரைத்துண்டும் புடவையின் மற்ற நல்ல பகுதியும் மகனுக்குப் போயின. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கிய பிறகு பள்ளியில் துணிப்பை பற்றி அடிக்கடி கேட்டிருப்பதால், தானே ஒன்று தைப்பதாகச் சொன்னான். 36 அங்குல நீளம், 16 அங்குல அகலம் கொண்ட துணியை உள்ளே காடாத் துணி வைத்து இரண்டாக மடித்து, இரு பக்கமும் மூட்டி, அடி மூலைகளை முக்கோணமாக மடித்துக் குறுக்கே நான்கு அங்குலத்துக்கு ஒரு தையல் போட்டால், பைக்குத் தட்டையான அடி கிடைக்கும். கைப்பிடிக்கு அரக்குக் கரை. கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் தைக்க வேண்டும். கனம் தாங்குவது அந்தச் சதுரம்தான். நோட்டுத்தாளில் பழகிய மூலைத் திருப்பம் இங்கே அவனுக்குக் கைகொடுத்தது. அந்தப் பையில்தான் இப்போது காய்கறி வருகிறது.

வீட்டில் தைத்தால் பணம் மிச்சம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வார், ஊசி, நூல், எண்ணெய், போக்குவரத்து எல்லாவற்றையும் கூட்டினால், இந்த ஒரு பாவாடையைத் தையற்கடையில் கொடுத்திருப்பதே மலிவு. எங்களுக்குக் கிடைத்தது வேறு. கை வேலையாக இருக்கும்போது அம்மா பேசுகிறார். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டபோது வராத பழைய கதைகள், கொசுவம் மடிக்கும்போது தானாக வருகின்றன. அவர் திருமணமான புதிதில் மாமியாருக்குத் தெரியாமல் தையல் வகுப்புக்குப் போனதை எனக்கே இந்த வயதில்தான் சொன்னார். அலைபேசியை எடுத்து வையுங்கள் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு கையும் துணியில் இருப்பதால் அது தானாக ஒதுங்கிவிட்டது. அண்ணனும் தங்கையும் சண்டையிடாமல் ஒரே மேசையில் இருப்பதற்குக் காரணம், ஒருவர் துணியைப் பிடிக்காமல் மற்றவர் தைக்க முடியாது என்பதே. எனக்கோ, அலுவலகத்தில் நாள் முழுதும் செய்த வேலையைக் கையில் எடுத்துக் காட்ட முடிவதில்லை. இங்கே மாலையில் ஓட்டிய ஒரு சாண் தையலை விரலால் தொட்டுப் பார்க்க முடிகிறது.

அடுத்த வேலை தொடங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்த அம்மாவுக்கு, அவரைத் தவிர வேறு யாரும் இதுவரை ரவிக்கை தைத்ததில்லை. தீபாவளிக்கு நாங்கள் தைத்துத் தருவதாகச் சொன்னதும் முதலில் மறுத்தார். பிறகு அளவு ரவிக்கையை எடுத்து வந்து வைத்தார். பிள்ளைகள் அதை நம்பாமல் இஞ்ச் டேப்பால் நேரடியாக அளந்தார்கள். பேரன் அளவைச் சொல்ல, பேத்தி நோட்டில் எழுதினாள். அப்போதுதான் அவருடைய வலது தோள் இடது தோளைவிட அரை அங்குலம் தாழ்ந்திருப்பது தெரிந்தது. பல ஆண்டுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து தைத்ததால் அப்படி ஆகிவிட்டது என்கிறார். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக மடித்து வெட்டாமல், தோளையும் கைக்குழியையும் தனித்தனியே வெட்ட வேண்டும் என்பது மனைவியின் கருத்து. ஒரே அளவில் வெட்டி, தோள் தையலில் மட்டும் அரை அங்குலம் பிடித்தால் போதும் என்கிறார் அம்மா. இரண்டு முறையிலும் மல்துணியில் ஒவ்வொரு மாதிரி வெட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு, எது முதுகில் சுருக்கமில்லாமல் உட்காருகிறதோ அதன்படி நல்ல துணியை வெட்டுவது என்று முடிவாகியிருக்கிறது.